டிடெக்டர் கேபிளுக்கு எந்தக் காப்புப் பொருள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறிய சிலிக்கான் டையோடு ஒன்றை எக்ஸ்-கதிர் உணர்கருவியாகப் பயன்படுத்துகிறோம். அதிலிருந்து முன்பெருக்கிக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள, பி.வி.சி. காப்பிட்ட சாதாரணக் கவசக் கம்பி செல்கிறது. அமெரிசியம்-241 மூலத்தின் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு மிகவும் அகன்று, இரைச்சலோடு கலந்து தெரிகிறது. டெஃப்லான் கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். அதன் விலையோ பல மடங்கு. மாற்றிவிடலாமா?

பதில்: கம்பியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் டெஃப்லானைத் தேடிப் போவதைவிட பி.வி.சி.யை விட்டு விலகுவதே இங்கு முக்கியம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான்–துளை இணையை உண்டாக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவைப்படுகிறது. ஆகவே 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் உங்களுக்குத் தருவது ஏறத்தாழ 16,500 எலக்ட்ரான்கள் மட்டுமே, அதாவது 2.6 ஃபெம்டோ கூலூம். இவ்வளவு சிறிய மின்னூட்டம் முன்பெருக்கியை அடைவதற்கு முன்பு கடக்கும் கேபிள், வெறும் வழியாக மட்டும் இருப்பதில்லை. அது உணர்கருவியோடு இணையாகச் சேர்ந்த ஒரு மின்தேக்கி. அந்த மின்தேக்கியின் இடைப்பொருள் மின்புலத்துக்கு ஈடுகொடுக்கும்போது எவ்வளவு ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது என்பதை அதன் இழப்புக் காரணி சொல்கிறது. ஆற்றலை வீணாக்கும் எந்தப் பொருளும் வெப்ப இரைச்சலையும் உண்டாக்கும் என்பது இயற்பியல் விதி. பி.வி.சி.யின் இழப்புக் காரணி, கலந்திருக்கும் நெகிழ்வூட்டியையும் அதிர்வெண்ணையும் பொறுத்து 0.01 முதல் 0.1 வரை செல்கிறது. பாலிஎத்திலீனுக்கும் டெஃப்லானுக்கும் அது 0.0002 என்ற அளவில்தான் உள்ளது.

உங்கள் கம்பியின் மின்தேக்குத்திறனை 100 பிகோ ஃபாரட் என்றும், பி.வி.சி.யின் இழப்புக் காரணியை 0.05 என்றும் வைத்துக்கொண்டால், இந்த இழப்பினால் மட்டுமே எழும் இரைச்சல் சுமார் 1,400 எலக்ட்ரான்களுக்குச் சமமாக வருகிறது. ஆற்றல் அளவில் சொன்னால், கோட்டின் அரை உயர அகலம் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆகிறது. உங்கள் கோடு அகன்று போனதில் வியப்பில்லை. இதே கணக்கைப் பாலிஎத்திலீனுக்குப் போட்டால் 90 எலக்ட்ரான்களுக்கும் குறைவாக, 0.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் உட்பட்டதாக வருகிறது. மேலும், இந்த வகை இரைச்சல் துடிப்பை வடிவமைக்கும் காலத்தைப் பொறுத்து மாறுவதே இல்லை. எனவே பெருக்கியின் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதைக் குறைக்க முடியாது. பொருளை மாற்றினால்தான் குறையும்.

இனி டெஃப்லானுக்கு வருவோம். இழப்புக் காரணியில் அது பாலிஎத்திலீனுக்கு நிகர், அவ்வளவுதான். வெற்றிடத்தோடு ஒப்பிட, ஒரு பொருள் மின்தேக்குத்திறனை எத்தனை மடங்காக்கும் என்பதே ஒப்புமை விடுதிறன். அது பாலிஎத்திலீனுக்கு 2.25, டெஃப்லானுக்கு 2.1. உட்கம்பியைக் கவசம் குழாய்போலச் சூழும் கோஆக்சியல் கேபிளின் மின்தேக்குத்திறன் இந்த எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறுவதால், ஒரே 50 ஓம் இம்பிடன்ஸ் (கேபிளில் ஓடும் துடிப்பின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) கொண்ட இரு கேபிள்களில் பாலிஎத்திலீன் மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் என்றால் டெஃப்லான் 96. இந்த 4 பிகோ ஃபாரட்டுக்காகப் பல மடங்கு விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிஎத்திலீன் என்றதும் கடைப் பை நினைவுக்கு வந்துவிடுவதால் அதை மலிவான பொருள் என்று ஒதுக்குவோர் உண்டு. உண்மையில் 1933-இல் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் ஆய்வகத்தில் உருவான அந்தப் பொருள், இரண்டாம் உலகப் போரில் ரேடார் கேபிள்களுக்குக் காப்பாகித்தான் முதன்முதலில் பெயர் பெற்றது.

காப்புப் பொருளைவிட இம்பிடன்ஸைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு அதிக லாபம் உண்டு. ஆர்ஜி-62 என்னும் 93 ஓம் கேபிளில் உட்கம்பியைச் சுற்றிப் பாலிஎத்திலீன் இழை சுருளாக ஓட, எஞ்சிய இடம் காற்றாக விடப்பட்டிருக்கும். அதன் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 44 பிகோ ஃபாரட், அதாவது ஆர்ஜி-58 என்னும் வழக்கமான 50 ஓம் பாலிஎத்திலீன் கேபிளில் பாதிக்கும் குறைவு. ஆற்றல் நிறமாலை அளவிடும் கருவிகளில் 93 ஓம் கேபிள் நெடுங்காலமாக விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் நீளத்தைக் குறைப்பதில் இருக்கிறது. ஒரு மீட்டரைப் பத்து சென்டிமீட்டராக்கினால், எந்த வகைக் கேபிளானாலும் அதன் மின்தேக்குத்திறன் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. முன்பெருக்கியை உணர்கருவியின் அருகே கொண்டுபோய் வையுங்கள். அதற்குப் பின்னால் வரும் நீண்ட கேபிளில் ஓடுவது, பெருக்கப்பட்டு, குறைந்த இம்பிடன்ஸ் கொண்ட மூலத்திலிருந்து வரும் துடிப்பு. அங்கே சாதாரணப் பாலிஎத்திலீன் கோஆக்சியல் தாராளமாகப் போதும். உயர்ந்த பொருளுக்குச் செலவிட நினைக்கும் பணம், முன்பெருக்கிக்கு முன்னால் உள்ள அந்தச் சிறு துண்டிற்கு மட்டுமே தேவைப்படும். பல வேளைகளில் அங்கும் தேவைப்படாது.

கேள்வி: கதிர்வீச்சு வாயுவில் உண்டாக்கும் அயனிகளைச் சேகரிக்கும் அயனி அறை ஒன்றின் மின்னோட்டத்தை எலக்ட்ரோமீட்டரால் அளக்கிறோம். சில பிகோ ஆம்பியர் அளவு. இணைப்பதற்கு முன்பு கேபிளின் காப்பு மின்தடையை 500 வோல்ட் மெகரில் சோதித்தோம். கருவியின் மேல் எல்லையைத் தாண்டியது. ஆயினும் அளவீடு மணிக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. யாராவது மேசையைத் தொட்டால் முள் துள்ளுகிறது. காப்பு நன்றாக இருந்தும் ஏன் இப்படி?

பதில்: நீங்கள் குறிப்பிடுபவை இரண்டு வேறு நோய்கள், இரண்டுமே காப்பு மின்தடையைப் பற்றியவை அல்ல.

முதலில் மெதுவான இறக்கம். இதை உண்டாக்கியதே அந்தச் சோதனையாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். மின்காப்புப் பொருளின்மீது 500 வோல்ட்டைச் செலுத்தும்போது அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி உடனே திரும்பி நிற்கிறது. மற்றொரு பகுதி நிமிடங்களோ மணிகளோ எடுத்துக்கொண்டு மெல்லத் திரும்புகிறது. மின்னழுத்தத்தை நீக்கிய பிறகு அவை பழைய நிலைக்கு வருவதும் அதே வேகத்தில்தான். திரும்பும் ஒவ்வொன்றும் சிறிது மின்னூட்டத்தை உட்கம்பிக்கு அனுப்புவதால், எலக்ட்ரோமீட்டர் அதை உண்மையான மின்னோட்டமாகவே படித்துக்கொண்டிருக்கும். மின்காப்பு உறிஞ்சல் எனப்படும் இந்தக் குணம் பி.வி.சி., நைலான் ஆகியவற்றில் அதிகம். பாலிஎத்திலீன், டெஃப்லான், பாலிஸ்டைரீன் ஆகியவற்றில் மிகக் குறைவு. அயனி அறையின் உயர் மின்னழுத்தத்தை இயக்கியவுடன் அறையின் காப்பான்களிலும் இதுவே நிகழ்கிறது. எனவே பிகோ ஆம்பியர் அளக்கும் கேபிளை மெகரில் சோதிக்காதீர்கள். உயர் மின்னழுத்தத்தை முந்தைய நாளே இயக்கி வைத்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

காப்பு மின்தடை இங்கே முதன்மையான சிக்கல் இல்லை என்று சொன்னதற்குக் காரணமும் உண்டு. எலக்ட்ரோமீட்டரின் உள்ளீடு ஏறக்குறையத் தரை மின்னழுத்தத்திலேயே இருப்பதால், உட்கம்பிக்கும் கவசத்துக்கும் இடையில் நிற்பது ஒரு மில்லிவோல்ட் போன்ற சிறு வேறுபாடுதான். காப்பு மின்தடை ஒரு லட்சம் கோடி ஓம் என்றால், கசிவது ஒரு ஃபெம்டோ ஆம்பியர். அதே காப்புக்குக் குறுக்கே 300 வோல்ட் நின்றால் கசிவு 300 பிகோ ஆம்பியர் ஆகிவிடும். ஆகவே உயர் மின்னழுத்தமும் சமிக்ஞையும் ஒரே காப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடம் எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நடுவே காவல் வளையம் அமைத்து அதைச் சமிக்ஞையின் மின்னழுத்தத்திலேயே வைக்க வேண்டும். உட்கம்பி, காவல் கவசம், வெளிக்கவசம் என மூன்று கடத்திகளைக் கொண்ட டிரையாக்சியல் கேபிள் இதற்காகவே செய்யப்படுகிறது. கசிவு பெரும்பாலும் கேபிளின் உடலில் நிகழ்வதும் இல்லை. இணைப்பியின் முகத்தில் விரல் பட்ட தடமும் அதன்மேல் படிந்த ஈரமும் சேர்ந்தால், பொருளின் கன மின்தடை 10¹⁸ ஓம்-சென்டிமீட்டராக இருந்தும் பயனில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிறகு வெறுங்கையால் தொடாமல் இணையுங்கள்.

முள் துள்ளுவது உராய்வு மின்னூட்டத்தால். கேபிள் சிறிது வளைந்தாலும் பின்னல் கவசம் காப்பின்மீது உரசி, மின்னூட்டங்கள் பிரிந்து, பிகோ ஆம்பியர் முதல் நானோ ஆம்பியர் வரையிலான துள்ளல்களாக வெளிப்படுகின்றன. கசிவைப் பொறுத்தவரை முதலிடம் பெறும் டெஃப்லான் இந்த விஷயத்தில் மிக மோசமான பொருள்களில் ஒன்று என்பதை விற்பனைக் கையேடுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. உரசினால் எளிதில் மின்னூட்டம் ஏற்கும், ஏற்றதை எளிதில் விடாது. தீர்வு, காப்புக்கும் பின்னலுக்கும் இடையே கிராஃபைட் போன்ற அரைகுறையாகக் கடத்தும் பூச்சு கொண்ட குறை-இரைச்சல் கேபிள். பிரிந்த மின்னூட்டங்கள் அந்தப் பூச்சின் வழியாகவே ஒன்றுசேர்ந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இணைப்பி பொருத்தும்போது நுனியில் அந்தக் கரிப்பூச்சைப் பின்னோக்கி வெட்டி, எஞ்சிய பொடியைக் கரைப்பானால் முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அதுவே கசிவுப் பாதையாகி, வாங்கியதன் பயனைக் கெடுத்துவிடும். அதோடு, கேபிளை அசையாமல் மேசையில் ஒட்டிவையுங்கள். செலவில்லாத மருந்து, நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி: கேபிளின் உள்காப்பு பாலிஎத்திலீன், ஆனால் வெளியுறை பி.வி.சி. என்று எழுதியிருக்கிறது. மேலே சொன்ன குறைகள் இதற்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. வெளியுறை கவசத்துக்கு வெளியே இருப்பதால் சமிக்ஞையின் மின்புலம் அதைத் தொடுவதே இல்லை. வெளியுறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது தீ, வெற்றிடம், கதிர்வீச்சு ஆகிய மூன்று சூழல்களில் மட்டுமே. பற்றவைக்கும்போதுதான் உள்காப்பைக் கவனியுங்கள்: பாலிஎத்திலீன் 110 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்குவதால், சால்டரிங் அயர்னைச் சிறிது நேரம் கூடுதலாக வைத்தாலும் உட்கம்பி மையத்திலிருந்து நகர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் முடுக்கிக் கூடத்தில் கற்றைக் குழாயை ஒட்டிப் போடும் கேபிள்களில் டெஃப்லானே கூடாது என்கிறார் மூத்த பொறியாளர். 260 டிகிரி வரை தாங்கும், எந்த அமிலத்திலும் கரையாத பொருளை ஏன் ஒதுக்க வேண்டும்?

பதில்: அவர் சொல்வதே சரி. வெப்பத்தையும் அமிலத்தையும் தாங்குவதற்கும் கதிர்வீச்சைத் தாங்குவதற்கும் தொடர்பில்லை. டெஃப்லானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அயனியாக்கும் கதிர்வீச்சு நேராக அறுத்துவிடுகிறது. பாலிஎத்திலீனில் அறுந்த முனைகள் குறுக்கே இணைந்துகொள்ள முடிவதுபோல இதில் எளிதில் இணைவதில்லை. அதனால் காற்றில் 1,000 கிரே (பொருள் உறிஞ்சிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவிலேயே டெஃப்லான் தன் உறுதியை இழக்கத் தொடங்கி, பிறகு உதிர்ந்து பொடியாகிறது. வெளிப்படும் ஃபுளூரின் சேர்மங்கள் அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கின்றன. பாலிஎத்திலீன் ஒரு லட்சம் கிரே அளவு வரை தாக்குப்பிடிக்கும். பாலிஇமைடும், கேப்டன் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்தது அது, பீக் எனப்படும் பாலிஈதர்ஈதர்கீட்டோனும் ஒரு கோடி கிரே என்ற வரிசைக்குப் போகின்றன. இங்கே ஒரு மணிக்கு ஒரு கிரே வீழும் இடத்தில் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் கற்றை ஓடினால், டெஃப்லானுக்கு உரிய எல்லை முதல் ஆண்டிலேயே, அதுவும் முதல் இரண்டு மாதங்களிலேயே, தாண்டப்பட்டுவிடும்.

ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன், கேபிள்களின் தீப்பாதுகாப்புக்கும் கதிர்வீச்சுத் தாங்குதிறனுக்கும் ஐஎஸ்-23 என்ற தனி விதிமுறையையே வைத்திருக்கிறது. அது குளோரின், ஃபுளூரின் போன்ற ஹாலஜன் கலந்த காப்புப் பொருள்களை விலக்குகிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவருவதும், சுரங்கத்தில் அது மனிதரையும் மின்னணுக் கருவிகளையும் ஒருசேரத் தாக்கும் என்பதும் எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும்.

இதற்காக எல்லா இடத்திலும் பாலிஇமைடைப் போடுவதும் சரியாகாது. அதன் ஒப்புமை விடுதிறன் 3.4 அளவில் இருப்பதால் அதே அமைப்பில் மின்தேக்குத்திறன் கூடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் அது உறிஞ்சுகிறது. கற்றையை ஒட்டிய ஓரிரு மீட்டருக்கு அதைப் போட்டு, தடுப்புச் சுவருக்கு அப்பால் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீனுக்கு மாறுவது நல்ல ஏற்பாடு. அணு உலையின் மையத்துக்குள் செல்லும் உணர்கருவிகளுக்கோ எந்தப் பிளாஸ்டிக்கும் உதவாது. அங்கே உலோகக் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்சைடு அல்லது அலுமினா பொடியை இறுக்கி நிரப்பிய கனிமக் காப்புக் கேபிள்களே உள்ளன. மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை விரைந்து உறிஞ்சும் என்பதால் அவற்றின் முனைகளைத் திறந்து வைக்கவே கூடாது.

கேள்வி: வெற்றிடக் கலத்துக்குள்ளும், பிறகு வாயு நிரப்பிய கம்பி அறைக்குள்ளும் செல்லும் கம்பிகளுக்கு, வளைக்க எளிதாக இருக்கிறதே என்று சிலிக்கோன் ரப்பர் காப்பிட்ட ஒயரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். பரவாயில்லையா?

பதில்: வேண்டாம், குறிப்பாகக் கம்பி அறைக்குள் வேண்டவே வேண்டாம். சிலிக்கோன் பொருள்களிலிருந்து எழும் ஆவி, ஆனோடு கம்பியைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காகப் பெருகும் மின்சரிவில் சிதைந்து, சிலிக்கான் கலந்த படிவாகக் கம்பியின்மேல் ஒட்டிக்கொள்கிறது. கம்பி பருக்க, பெருக்கம் குறைந்துகொண்டே போகும். ஒருமுறை படிந்ததை நீக்க நல்ல வழி கிடையாது. வாயு உணர்கருவிகள் முதுமை அடைவதற்கு அறியப்பட்ட காரணங்களில் இது முன்னணியில் நிற்பது. பி.வி.சி.யின் நெகிழ்வூட்டியும் இதே வேலையைச் செய்யும்.

வெற்றிடத்துக்கு ஏற்ற பொருளைத் தேடும்போது ஏஎஸ்டிஎம் இ-595 சோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, இழந்த மொத்த எடை 1 விழுக்காட்டுக்கும், குளிர்ந்த தகட்டில் படியக்கூடிய பகுதி 0.1 விழுக்காட்டுக்கும் உட்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாலிஇமைடு, டெஃப்லான், பீக் மூன்றும் பொதுவாக இதில் தேறுகின்றன. பாலிஇமைடு உறிஞ்சிய நீரை வெளியேற்ற, கலத்தை முதலில் சூடேற்றி வெற்றாக்க வேண்டும். பின்னர் நீங்கள் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்கு, அதாவது 77 கெல்வினுக்கு, இறக்கப்போவதானால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: அறை வெப்பநிலையிலிருந்து அங்கே போகும்போது டெஃப்லான் நீளத்தில் சுமார் 2 விழுக்காடு சுருங்குகிறது, செம்போ 0.3 விழுக்காடுதான். காப்பு பின்வாங்கி, முனையில் செப்புக் கம்பி வெறுமையாகத் தெரியும். அது அடுத்த முனையத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுவையுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு பட்டதும் ஒளி மின்னும் இரு சிமிட்டொளி உணர்கருவிகளுக்கிடையே துடிப்புகளின் கால வேறுபாட்டை அளக்கிறோம். ஒன்றுக்கு டெஃப்லான் கேபிள், மற்றதற்குப் பாலிஎத்திலீன் கேபிள், இரண்டும் ஒரே நீளம். பூஜ்யப் புள்ளி பொருந்தவில்லை. அறையின் குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைத்தால் அது நகரவும் செய்கிறது.

பதில்: பொருந்தாதது இயல்பே. பாலிஎத்திலீன் கோஆக்சியலில் துடிப்பு ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 5 நானோ விநாடி ஆகிறது, டெஃப்லானில் 4.8. பத்து மீட்டர் கேபிளில் இதுவே 2 நானோ விநாடி வேறுபாடு. இது நிலையான அளவு என்பதால் ஒருமுறை அளந்து கழித்துவிடலாம்.

நகர்வதுதான் தொல்லை. டெஃப்லானின் படிக அமைப்பு 19 டிகிரி செல்சியஸை ஒட்டி மாறுகிறது; அப்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1 விழுக்காடு மாறுவதால், கேபிளின் கால தாமதமும் அந்த வெப்பநிலையைச் சுற்றித் திடீரென வளைகிறது. குளிர்சாதன அறைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு அருகிலேயே இருப்பது தற்செயலான துரதிர்ஷ்டம். பாலிஎத்திலீனின் தாமதமும் வெப்பநிலையோடு மாறும், ஆனால் இத்தகைய வளைவு இல்லாமல் சீராக மாறும். இரு பக்கமும் ஒரே வகைக் கேபிளை, முடிந்தால் ஒரே சுருளிலிருந்து வெட்டி, ஒரே தடத்தில் சேர்த்துக் கட்டிப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவு நகர்ந்தால் வேறுபாட்டில் நகர்வு தெரியாது. அதுவும் போதாத அளவுக்கு நுட்பம் தேவைப்பட்டால் சிலிக்கா பொடிக் காப்பிட்ட, உலோக உறையுள்ள கேபிள்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதற்கு முன், அறையின் வெப்பநிலையை 24 டிகிரியில் நிறுத்தி ஒரு நாள் அளந்து பாருங்கள்.